65 வாட் சார்ஜர்: முதுகில் இருக்கும் பொடி எழுத்தையும் சேர்த்து ஒரு மதிப்புரை

இந்தச் சார்ஜரை வாங்கி ஏழு மாதம் ஆகிறது. மடிக்கணினியோடு வந்த பழைய அடாப்டரின் ஒயர் கழுத்துப் பகுதியில் மூன்றாவது முறையாக விட்டுப்போனது. இனி இதற்குச் சாலிடர் வைப்பதில்லை என்று முடிவெடுத்துத்தான் புதிது வாங்கினேன். பவர் சப்ளை பழுதுபார்ப்பதுதான் எனக்குத் தொழில். இருபத்தாறு வருடமாக அதே மேசை, அதே வேலை. அப்படிப்பட்டவனே காசு கொடுத்துப் புதிது வாங்கினான் என்றால், அந்த ஒயர் என்ன கதியில் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொல்லியும் பயனில்லை. இதே சர்க்யூட் பலகை நாலைந்து பெயர்களில், நாலைந்து நிறக் கூடுகளில் விற்கிறது. என்னிடம் பழுதுக்கு வந்த வேறு பெயர்ச் சார்ஜர் ஒன்றைத் திறந்தபோது, உள்ளே என்னுடையதன் இரட்டைப் பிறவி உட்கார்ந்திருந்தது. ஆகவே இதை அந்த வகைக்கே எழுதிய மதிப்புரையாக எடுத்துக்கொள்ளுங்கள்: கேலியம் நைட்ரைடு (உள்ளே சிலிக்கனுக்குப் பதில் வரும் புது வகை ஸ்விட்ச்), ஒரே ஒரு யூஎஸ்பி-சி வாய், 65 வாட், இரண்டு பின். இரண்டு தீப்பெட்டியை ஒட்டவைத்ததைவிடக் கொஞ்சம் பெரிது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் கேபிள் இல்லை. அது பரவாயில்லை, எந்தக் கேபிள் வேண்டும் என்று ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். இந்த 65 வாட் என்பது 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர். சாதாரண யூஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியர் வரைக்கும்தான். அதற்கு மேல் போக வேண்டுமானால், கேபிளின் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருந்து ‘நான் 5 ஆம்பியர் தாங்குவேன்’ என்று சார்ஜரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சார்ஜர் 60 வாட்டோடு நின்றுகொள்ளும். என் மடிக்கணினி 45 வாட்டுக்கு மேல் கேட்பதில்லை, அதனால் எனக்குத் தெரியவே இல்லை. நண்பர் ஒருவர் தன் கணினியில் செருகிப் பார்த்து, ‘மெதுவான சார்ஜர்’ என்று திரையில் வருகிறதே, என்னய்யா வாங்கினாய் என்று கேட்டார். சார்ஜர்மேல் தப்பில்லை, கேபிள்தான். ஆனால் அட்டைப்பெட்டியில் 65 என்று கட்டை விரல் உயரத்துக்குப் போட்டவர்களுக்கு, இதைச் சொல்ல ஒரு வரி இடம் கிடைக்கவில்லை.

இரண்டாவது குறை கூச்சம். உலோக உடம்பு கொண்ட மடிக்கணினியில் இதைச் செருகி, மணிக்கட்டை விளிம்பில் வைத்து லேசாகத் தேய்த்தால் கிறுகிறு என்று ஓர் அதிர்வு வரும். ஷாக் அல்ல, எறும்பு ஊர்வது மாதிரி. மின்சாரப் பக்கத்துக்கும் வெளிப் பக்கத்துக்கும் நடுவே, ரேடியோ இரைச்சலை அடக்குவதற்காக மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கும் ஒரு சின்னக் கெபாசிட்டர் வைப்பார்கள். அதன் வழியே மில்லியாம்பியரில் ஒரு பங்கு கசிகிறது. பாதுகாப்பு விதி அனுமதிக்கும் அளவுதான், ஆபத்தில்லை. எர்த்தோடு மூன்று பின் வைத்துச் செய்திருந்தால் இது வந்திருக்காது. அளவைச் சிறிதாக்கக் கொடுத்த விலை.

சரி, நல்லது என்ன? 60 வாட் லோடு வைத்து அளந்தேன், சுவரிலிருந்து 65.6 வாட் எடுத்தது. கிட்டத்தட்ட 91.5 சதவீதம் வெளியே வந்துவிடுகிறது. முழு 65 வாட்டுக்கு 71 எடுக்கிறது. அரை மணி நேரம் அப்படியே விட்டால் கூடு நன்றாகச் சுடுகிறது, ஆனால் கையில் எடுக்க முடிகிறது. பிளாஸ்டிக் கூடு என்பதால் அந்தச் சூடு கைக்கு மெதுவாக ஏறுகிறது. அதனால்தான் பாதுகாப்புத் தரங்களில் பிளாஸ்டிக்குக்கு உலோகத்தைவிடக் கூடுதல் வெப்பம் அனுமதி. ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட அணைந்து எழவில்லை.

பெரும்பாலானவர்களுக்கு மதிப்புரை இத்தோடு போதும். எனக்கு இந்தச் சார்ஜரின் முதுகில்தான் சுவாரசியம்.

பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம்: எர்த் தேவையில்லாத இரட்டைக் காப்பு. ஒரு வீட்டுப் படம்: மழை படாத இடத்தில் மட்டும். குறுக்கே கோடு போட்ட குப்பைத்தொட்டி: சாதாரணக் குப்பையில் போடாதே. அப்புறம் ஓரமாக, வட்டத்துக்குள், ரோமன் எண்ணில் ஓர் ஆறு. அந்த ஆறு என்ன என்று என்னிடம் வருகிறவர்களைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ‘மாடல் நம்பர்’ என்றார் ஒருவர். ‘ஆறு மாசம் கேரண்டி’ என்றார் இன்னொருவர்.

அது மின்சாரத்தை வீணாக்காமல் இருப்பதற்குக் கிடைத்த மதிப்பெண். ஆறாம் நிலை என்றால், இந்த அளவு சார்ஜர் சராசரியாக 88 சதவீதமாவது வெளியே தர வேண்டும். எதுவும் செருகாமல் சும்மா சுவரில் தொங்கும்போது 0.21 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. அமெரிக்காவில் 2016 பிப்ரவரியிலிருந்து இது கட்டாயம். ஐரோப்பாவிலும் ஏறக்குறைய இதே அளவு 2020 ஏப்ரலில் வந்தது. சந்தைக்குச் சந்தை தனித்தனியாகச் செய்வது கட்டுப்படியாகாது என்பதால், இந்த விதியே இல்லாத நாடுகளுக்கும் இதே சரக்குதான் போகிறது.

சும்மா தொங்கும்போது எவ்வளவு என்று என்னுடையதை அளக்கப் பார்த்தேன். பிளக்கில் செருகும் சாதாரண மீட்டர் சுழியம் காட்டியது; அந்த மாதிரி மீட்டருக்கு இவ்வளவு சின்னது கண்ணுக்குத் தெரியாது. மேசை மீட்டரில் 0.06 வாட் வந்தது. வருடம் முழுக்கத் தொங்கினாலும் அரை யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அப்புறம் பரணிலிருந்து பழைய ரேடியோவோடு வந்த 9 வோல்ட் அடாப்டரை எடுத்தேன். உள்ளே இரும்பு டிரான்ஸ்ஃபார்மர், கல் மாதிரிக் கனம். எதையும் இணைக்காமல் சுவரில் செருகினேன்: 2.1 வாட். தொட்டால் வெதுவெதுப்பு. வருடத்துக்கு 18 யூனிட், ஒரு வேலையும் செய்யாமல். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு சோபாவுக்குப் பின்னால் இப்படி ஐந்தாறு கிடந்தன. குளிர்காலத்தில் பூனை அதன் மேல் படுத்துக்கொள்ளும்.

இதை யார் நிறுத்தியிருப்பார்கள்? வாங்குகிறவர் கேட்டிருக்கமாட்டார். ரேடியோ வாங்கப் போகிறவர் ஒலியைக் கேட்பார், விலையைக் கேட்பார். ‘இதன் அடாப்டர் சும்மா இருக்கும்போது எவ்வளவு சாப்பிடும்?’ என்று நான்கூடக் கேட்டதில்லை. கேட்காத ஒன்றுக்கு உற்பத்தியாளர் ஏன் செலவு செய்ய வேண்டும்? மின்கட்டணம் அவருடையது இல்லையே. ‘விலை ஏறட்டும், மக்கள் தானாகச் சிக்கனமாவார்கள்’ என்பது பொருளாதாரக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது. விளக்கையும் ஏசியையும் அணைப்பார்கள், உண்மைதான். கண்ணுக்குத் தெரியாததை எப்படி அணைப்பார்கள்?

கலிபோர்னியா இதைப் பட்டுத் தெரிந்துகொண்ட இடம். மின்சாரச் சந்தையைத் திறந்துவிடுகிறோம் என்று மொத்த விலையை ஏலத்துக்கு விட்டார்கள், சில்லறை விலையை மட்டும் பெரும்பாலான இடங்களில் கட்டிப்போட்டார்கள். 2000 கோடையில் மொத்த விலை எகிறியது. சில்லறைக் கட்டு அதற்கு முன்பே நீங்கியிருந்த சான் டியேகோவில் வீட்டுக் கட்டணம் இரண்டு மடங்கைத் தாண்டியது. மற்ற இடங்களில் மின் நிறுவனங்கள் யானை விலைக்கு வாங்கிக் குதிரை விலைக்கு விற்றன. அவற்றில் பெரியதான ஒன்று 2001 ஏப்ரலில் திவால் மனு போட்டது. நடுவில் நகரம் நகரமாக மின்வெட்டு. என்ரான் என்ற எரிசக்தி நிறுவனம் போன்ற வணிகர்கள் அந்தச் சந்தையின் ஓட்டைகளில் புகுந்து விளையாடியது பிற்பாடு வெளியே வந்தது. கடைசியில் 2001 ஜூனில் அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் மேற்கு மாநிலங்கள் முழுவதற்கும் மொத்த விலைக்கு வரம்பு போட்ட பிறகுதான் அடங்கியது. அடுத்த மாதமே ஜனாதிபதி புஷ் ஓர் ஆணை போட்டார்: மத்திய அரசு வாங்கும் சாதனங்கள் சும்மா இருக்கும்போது ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது, அப்படிப்பட்டவை கிடைக்கும்பட்சத்தில்.

அந்த ஒரு வாட் எண்ணம் ஆலன் மையர் என்ற ஆராய்ச்சியாளருடையது. தொண்ணூறுகளின் இறுதியில் அவர் சொன்னதை 1999-இல் சர்வதேச எரிசக்தி முகமை கையில் எடுத்தது. கலிபோர்னியா அடாப்டர்களுக்கென்றே தனி விதி எழுதி 2007-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கா முழுவதும். பழைய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் அதில் தேறவில்லை. தடை என்று எங்கும் எழுதவில்லை, தேர்வு வைத்தார்கள், அது தோற்றது. என் மேசையில் அந்த மாற்றத்தை நாள் கணக்கில் பார்க்க முடிந்தது: கனமான கட்டிகள் குறைந்தன, மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டு அனுப்பி வேலை செய்யும் லேசான ஸ்விட்சிங் சப்ளைகள் கூடின, நான் புதிதாகப் படிக்க வேண்டியதாயிற்று. அப்போது அந்த அதிகாரிகளைத் திட்டியவர்களில் நானும் ஒருவன்.

இந்த விதிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சண்டை. மின்சாரம் நுழையும் இடத்தில், இரைச்சல் வெளியே போகாமல் இருக்க இன்னொரு கெபாசிட்டர் உண்டு. பிளக்கைப் பிடுங்கினாலும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். ஒரு குழந்தை பின்னைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும். எனவே ஓரிரு நொடிக்குள் அது வடிந்துவிட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அதற்குக் குறுக்கே, மின்சாரத்தை மெல்ல வடியவிடும் ஒரு ரெசிஸ்டர் போட்டால் போதும், காலாகாலமாகச் செய்வதுதான். ஆனால் அந்த ரெசிஸ்டர் பிளக் சுவரில் இருக்கும் நேரமெல்லாம் இருபது, முப்பது மில்லிவாட் குடிக்கும். பழைய காலத்தில் யாரும் சட்டை செய்யாத அளவு. மொத்தமே அறுபது மில்லிவாட்டில் நிற்கும் சார்ஜரில் அது மூன்றில் ஒரு பங்கு! பாதுகாப்பு விதி ரெசிஸ்டரைப் போடு என்கிறது, சிக்கன விதி எடு என்கிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பொறியாளர்கள் ஒரு குட்டி ஐசி (சிப்) செய்தார்கள்: சுவரில் மின்சாரம் இருக்கும்வரை ரெசிஸ்டரைத் துண்டித்து வைக்கும், பிளக்கைப் பிடுங்கியதும் சேர்த்துவிடும். அந்த இரட்டைப் பிறவியைத் திறந்தபோது, மிளகு அளவில் அந்த ஐசி உட்கார்ந்திருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விதிகள் புதுமையைக் கொல்லும் என்பவர்களுக்கு அதைக் காட்ட வேண்டும்.

ஆனால் அவர்கள் சொல்வதிலும் பாதி உண்டு. ஏன் 65 வாட்? ஏன் 80 இல்லை? காரணங்கள் பல இருக்கலாம். அவற்றில் ஒன்று, சுவரிலிருந்து 75 வாட்டுக்கு மேல் எடுத்தால், மின்னோட்டத்தின் வடிவத்தைச் சீராக வைக்க வேண்டும் என்று இன்னொரு தரம் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு சுருள், ஒரு ஸ்விட்ச், ஓர் ஐசி, இடமும் செலவும். 65 கொடுக்க 71 எடுக்கும் சார்ஜர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கச்சிதமாக நின்றுகொள்கிறது. விளைவு? என் மீட்டரில் பவர் ஃபேக்டர், அதாவது கம்பியில் ஓடுவதில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு, 0.55. எடுப்பது 71 வாட், கம்பியில் ஓடுவது கிட்டத்தட்ட 130 வோல்ட்-ஆம்பியர். வீட்டு மீட்டர் வாட்டைத்தான் எண்ணுகிறது, நமக்கு நட்டமில்லை. ஆனால் ஓர் அலுவலகக் கட்டடத்தில் இப்படி முந்நூறு சார்ஜர் இருந்தால், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி சூடாவது அந்தக் கட்டடத்து எலக்ட்ரீஷியனுக்குத்தான் தெரியும். எங்கே கோடு போட்டாலும் அதன் ஓரத்தில் கூட்டம் கூடும். இந்த அளவு சார்ஜர்கள் அந்த ஓரத்துக் கூட்டம்.

அடுத்து அந்த வாய். யூஎஸ்பி-சி. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் சட்டம் போட்டது. நாடாளுமன்றத்தில் 602 பேர் ஆதரவு, 13 பேர் எதிர்ப்பு. கைபேசி, டேப்லெட் முதலியவற்றுக்கு 2024 டிசம்பர் 28 முதல், மடிக்கணினிக்கு 2026 ஏப்ரல் 28 முதல். ஆப்பிள் கெடு வரும்வரை காத்திருக்காமல் 2023 செப்டம்பரிலேயே ஐபோன் 15-இல் மாற்றிவிட்டது. இதற்கு முன் 2009-இல் பெரிய நிறுவனங்கள் பல தாமாகவே மைக்ரோ யூஎஸ்பிக்கு ஒப்புக்கொண்டன. ஒப்பந்தம்தான், சட்டம் இல்லை. அப்போதே சட்டமாக்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்தால் எனக்கு வேர்க்கிறது. மைக்ரோ யூஎஸ்பி வாயை மாற்றிக் கொடுத்தே சில வருடம் நான் குடும்பம் நடத்தினேன். தலைகீழாகச் செருகி உடைப்பார்கள், வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரும். சட்டம் தாமதமாக வந்ததே நல்லதாயிற்று. யூஎஸ்பி-சி 2014-இல் வந்து, எட்டு வருடம் அடிபட்டுத் தேறிய பிறகு கை வைத்தார்கள்.

ஓட்டை இல்லாமல் இல்லை. வேகமாகச் சார்ஜ் ஆகும் கருவிகள் எல்லாம், சார்ஜரோடு பேசி எவ்வளவு மின்சாரம் என்று முடிவுசெய்யும் பொதுவான பவர் டெலிவரி முறையை ஏற்க வேண்டும். அதோடு தனக்கென்று வேறு முறையும் வைத்துக்கொள்ளலாம். என் அண்ணன் மகனின் கைபேசி, அதோடு வந்த சார்ஜரில் 80 வாட்டில் பாய்கிறது. என்னுடையதில் செருகினால் 18 வாட். வாய் ஒன்று, பேச்சு வேறு. ‘சித்தப்பா, உங்க சார்ஜர் டுபாக்கூர்’ என்கிறான். என்ன சொல்ல?

பெட்டியில் சார்ஜர் இல்லாமலும் கருவியை வாங்க வழி இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. பயன்படாமல் கிடப்பதும் தூக்கிப்போடுவதுமாகச் சார்ஜர்கள் மட்டுமே வருடத்துக்கு 11,000 டன் மின்குப்பை என்பது ஐரோப்பிய ஆணையத்தின் கணக்கு. என் இழுப்பறையை எண்ணினேன். முப்பத்தொன்று. அவற்றில் பயன்படுவது நான்கு.

கடைசியாக, முதுகில் இருக்கும் சிஇ (CE) என்ற இரண்டு எழுத்து, ஐரோப்பிய விதிகளுக்கான குறி. இதை நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். ஏதோ அரசு ஆய்வகத்தில் சோதித்து முத்திரை குத்தியது என்று நினைப்பு. சார்ஜரைப் பொறுத்தவரை அது உற்பத்தியாளர் தானே கொடுக்கும் வாக்குமூலம்: நான் விதிப்படி செய்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் அதிகாரி ஆவணத்தைக் கேட்கலாம், எடுத்துச் சோதிக்கலாம். கேட்டால்தானே. போன மாதம் ஒரு போலி வந்தது. முதுகில் சிஇ, ரோமன் ஆறு, குப்பைத்தொட்டி, எல்லாம் என்னுடையதைவிடத் தெளிவான அச்சு. உள்ளே ஃபியூஸ் இல்லை. இரைச்சல் கெபாசிட்டர் இல்லை. ஆக, வடிக்க வேண்டிய தொல்லையும் இல்லை. மின்சாரப் பக்கத்துத் தடத்துக்கும் கைபேசிப் பக்கத்துத் தடத்துக்கும் இடையே ஐந்தாறு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை. கொண்டுவந்தவர் ‘சரிபண்ணிக் கொடுங்க’ என்றார். கொடுக்கவில்லை. கட்டிங் பிளேயரால் பின்னை வெட்டித்தான் திருப்பிக் கொடுத்தேன், கோபித்துக்கொண்டு போனார். விதி எழுதுகிறவர்களுக்கு ஆகும் செலவில் கால்வாசியைச் சந்தையில் திரிந்து வாங்கித் திறந்து பார்ப்பவர்களுக்குக் கொடுத்தால் இப்படி வராது என்பது என் எண்ணம்.

போலி எது என்று கண்டுபிடிக்க வழி கேட்கிறார்கள். உறுதியான வழி திறந்து பார்ப்பதுதான், அது உங்களுக்கு வேண்டாம். எடை ஒரு குறிப்பு: 65 வாட் என்று சொல்லிக்கொண்டு காலி டப்பா மாதிரி இருந்தால் வாங்காதீர்கள். என்னுடையது நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல்.

ஆக, வாங்கலாமா? வாங்கலாம். கூடவே 5 ஆம்பியர் என்று எழுதிய கேபிள் ஒன்றும் வாங்குங்கள். உலோக உடம்பு மடிக்கணினி வைத்திருந்து, கூச்சம் பிடிக்காதவர் என்றால் மூன்று பின் உள்ளதைத் தேடுங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று, அட்டைப்பெட்டியில் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரிக்கு.

மடிக்கணினியின் பழைய அடாப்டரை இன்னும் தூக்கிப்போடவில்லை. அதன் முதுகில் ரோமன் ஐந்து இருக்கிறது. போன வாரம் ஒயரைக் கழுத்தில் வெட்டி, மறுபடி சாலிடர் வைத்து, மேசை எல்இடி விளக்குக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது முறை.